வெறுங்கட்டம்

என்னுடைய முதல் பெரிய தப்பைக் கண்டுபிடித்தவர் என் அப்பா. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பாம்பன் வடகடலில் நாட்டுப்படகில் நண்டு வலை வைக்கிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, நான் செய்த வரைபடத்தைப் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தேன். நீலக் கம்பிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு கம்பியும் ஒரு நாள். உயரம், அன்றைக்கு எங்கள் ஊர் கொள்முதல் ஷெட்டுக்கு வந்த நண்டின் எடை. அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு நடுவில் ஒரு கம்பியின் மேல் விரலை வைத்தார்.

"இது என்னைக்கு தாயி?"

தேதியைச் சொன்னேன்.

"அன்னைக்கு புயல் கூண்டு ஏத்திருந்தாகளே. ஒரு படகும் போகலையே. வலையே வைக்காத அன்னைக்கு எந்த நண்டு வந்து உன் கம்ப்யூட்டர்ல விழுந்துச்சு?"

அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஆனால் அதற்கு முன்னால், நான் எப்படி அந்த வேலைக்குப் போனேன் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. போன வாரம் சின்னப்பாலத்துப் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்து, "அக்கா, டேட்டா சயின்ஸ்ல அப்ரண்டிஸ் போனா நல்லதா, கோர்ஸ் படிச்சா நல்லதா?" என்று கேட்டாள். ஒரு மணிநேரம் பேசியும் அவளுக்கு ஒழுங்காகப் பதில் சொன்ன மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

நான் பி.எஸ்சி. கணிதம். கடைசி வருஷம் அரசின் 'நான் முதல்வன்' திட்டம் வழியாக எக்ஸெல்லும், பைத்தான் என்ற நிரல்மொழி கொஞ்சமும் வந்தன. பாதி வகுப்பு கைப்பேசியில்தான். சிக்னல் தேடி மொட்டை மாடிக்கு ஏறுவேன், வெயில் தாங்காமல் இறங்குவேன். படிப்பு முடிந்ததும் ராமநாதபுரத்தில் ஒரு பயிற்சி மையத்தில் விசாரித்தோம். 45 ஆயிரம் ரூபாய், ஆறு மாதம், வேலை 'நூறு சதவீதம் உறுதி'. எந்தக் கம்பெனியில் வேலை என்று கேட்டேன். "அதெல்லாம் சேர்ந்தப்புறம் பேசிக்கலாம்மா" என்றார்கள். அம்மா திரும்பி வரும் பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை. ஆனால் கை அடிக்கடி காது கம்மலுக்குப் போய் வந்தது. அதைப் பார்த்தபிறகு அந்த மையத்துப் பக்கம் நான் போகவில்லை.

கல்லூரியில் எங்கள் துறை மேடம்தான் என்ஏடிஎஸ் பற்றிச் சொன்னார். தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம் என்று தமிழில் எழுதினால் பெரிய பெயர், ஊரில் எல்லாருக்கும் அது அப்ரண்டிஸ். அப்ரண்டிஸ் என்றாலே எங்கள் வீட்டில் ஐடிஐ படித்த அண்ணன்மார்கள் ஃபிட்டர், டர்னர் என்று ரயில்வேக்குப் போவதுதான். அந்த 1961-ஆம் வருஷச் சட்டத்துக்குள் இன்றைக்குச் சாதாரணப் பட்டதாரியும் வரலாம், அதுவும் கணினி முன்னால் உட்கார்ந்து பழகும் வேலைக்கும் வரலாம் என்பதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள், மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். அதனால் 'டேட்டா அப்ரண்டிஸ்' என்று தேடினால் பெரிய ஐடி கம்பெனிகள் மட்டும் வருவதில்லை. மருந்துக் கம்பெனி, வங்கி, நூற்பாலை, மீன் கம்பெனி எல்லாம் வருகின்றன. எனக்கு வாய்த்தது மீன் கம்பெனி. பெயர் வேண்டாம். மதுரையில் தலைமை அலுவலகம், ராமநாதபுரத்தில் கிளை, கடற்கரை முழுக்கக் கொள்முதல் ஷெட்டுகள்.

2023 ஆகஸ்டில் சேர்ந்தேன். ஒரு வருஷ ஒப்பந்தம், இணையத்தில் பதிவான ஒப்பந்தம். மாதம் 9,000 ரூபாய். அன்றைய விதிப்படி பட்டதாரிப் பழகுநருக்குக் குறைந்தபட்சம் அவ்வளவுதான். அதில் பாதியை அரசாங்கம் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். (2024-இல் தளத்தைப் புதுப்பித்த பிறகு அரசின் பங்கு நேராகப் பழகுநரின் வங்கிக் கணக்குக்கே வரும்படி செய்தார்கள். எங்கள் காலத்தில் அது இல்லை.) முதல் மாதப் பணத்தைச் 'சம்பளம்' என்று வீட்டில் சொன்னேன். ஒப்பந்தத்தில் அந்தச் சொல்லே கிடையாது, 'உதவித்தொகை' என்றுதான் இருக்கும். சட்டப்படி பழகுநர் தொழிலாளி இல்லை, கற்றுக்கொள்கிறவர். அதனால் பி.எஃப். இல்லை, முடிந்ததும் வேலை தரவேண்டிய கட்டாயமும் கம்பெனிக்கு இல்லை. இந்த வரிகளைப் படிக்காமலே நிறையப் பேர் கையெழுத்துப் போடுகிறார்கள். நானும் படிக்காமல்தான் போட்டேன், ஏழாவது மாதம்தான் படித்தேன்.

9,000 எதற்குப் போதும்? வீட்டிலிருந்து போய் வந்தால் போதும். சென்னையில் விடுதி எடுத்தால் போதாது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இந்த மாதிரிப் பயிற்சிக்குப் போகாததற்கு மூளை காரணமில்லை, இந்தக் கணக்குதான் காரணம். எனக்குக் கிளை ராமநாதபுரத்திலேயே இருந்தது அதிர்ஷ்டம். அதிலும் ஒரு குறை. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயிலை நிறுத்திவிட்டார்கள். புதுப் பாலம் 2025 ஏப்ரலில்தான் திறந்தது. நான் பழகுநராக இருந்த வருஷம் முழுக்கப் பஸ்தான். காலையில் சாலைப் பாலத்தில் பஸ் ஏறும்போது கீழே பழைய பாலம் ஆளில்லாமல் கிடக்கும், பக்கத்தில் புதுப் பாலத்தின் தூண்கள். வடக்குப் பக்கம் அப்பாவின் படகு தெரிகிறதா என்று பார்ப்பேன். ஒருநாளும் தெரிந்ததில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன்.

'டேட்டா அனலிடிக்ஸ்' என்ற பெயரைப் பார்த்து, முதல் நாளே ஏதோ எதிர்காலத்தைக் கணிக்கச் சொல்வார்கள் என்று நினைத்துப் போனேன். மூன்று மாதம் பெயர் திருத்தினேன். அவ்வளவுதான். மூன்று வருஷத்துக் கொள்முதல் சிட்டைகளை யார் யாரோ யார் யாருடைய கைப்பேசியிலிருந்தோ எக்ஸெல்லில் ஏற்றியிருந்தார்கள். ஒரே நண்டு நீலக்கால், நீலகால், ஓலைக்கால், ஓலக்கால், புளூ, வெறும் 'நண்டு' என்று ஆறு பெயரில் கிடந்தது. நண்டு என்று மட்டும் எழுதியிருந்தால் அது நீலக்காலா, சேற்று நண்டா, விலையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எடையில் சில ஷெட்டுகள் ஐஸோடு சேர்த்து எழுதியிருந்தன, சில ஷெட்டுகள் கழிவு போக எழுதியிருந்தன. இரண்டும் ஒரே பத்தியில், எக்ஸெல்லில் மேலிருந்து கீழே ஓடும் அதே வரிசையில்.

ஊர்ப் பெயர் இன்னும் மோசம். ஒருநாள் மதுரையிலிருந்து வரைபடம் ஒன்று வந்தது. எந்தக் கரையில் எவ்வளவு நண்டு என்று வட்டம் வட்டமாகப் போட்டிருந்தார்கள். அதில் ஒரு பெரிய வட்டம் திருநெல்வேலி மாவட்டத்தில், நாங்குநேரிப் பக்கம், தரையில் உட்கார்ந்திருந்தது. எனக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. நம் ராமநாதபுரம் மாவட்டத்துத் தர்கா ஏர்வாடியைக் கணினி அந்த ஊர் ஏர்வாடி என்று எடுத்துக்கொண்டிருக்கிறது! அதே மாதிரி, பெரியபட்டினத்துக்குப் பக்கத்து முத்துப்பேட்டை திருவாரூர் மாவட்டத்துக்குப் போயிருந்தது. அங்கேயாவது கடல் உண்டு, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மூன்று கூட்டங்களில் அந்தப் படத்தைத் திரையில் போட்டுப் பேசியிருக்கிறார்கள். நான் மெதுவாக, "மேடம், ஏர்வாடி ரெண்டு இருக்கு" என்று சொன்னதுதான் அந்த அலுவலகத்தில் நான் பேசிய முதல் உருப்படியான வாக்கியம். மதுரைத் தலைமை அலுவலக மேடம் நல்லவர். "இதை ஏன் இவ்வளவு நாள் சொல்லலை?" என்றார். கோபத்தில் கேட்டாரா, ஆச்சரியத்தில் கேட்டாரா என்று காணொலி அழைப்பில் தெரியவில்லை.

அந்த வெற்றியில் கொஞ்சம் தலை கனத்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அடுத்து வந்த வேலையை யாரிடமும் கேட்காமல் செய்தேன். எந்த ஷெட்டின் கணக்கை எடுத்தாலும் நடுவில் வெறுங்கட்டங்கள் இருக்கும். தேதி இருக்கும், எடை இருக்காது. நாளைய வரத்து எவ்வளவு என்று சொல்லும் கணிப்பு முறை ஒன்றைச் செய்யச் சொல்லியிருந்தார்கள், கட்டம் காலியாக இருந்தால் அது ஓடாது. பைத்தானில் ஒரே வரியில் எல்லாக் காலியிடத்தையும் சராசரியால் நிரப்பிவிடலாம். ஃபில்என்ஏ என்று ஒரு கட்டளை. இணையத்தில் பார்த்த பாடம் எல்லாவற்றிலும் அப்படித்தான் செய்தார்கள். நானும் செய்தேன். அரை வினாடி. வரைபடம் அழகாக, பல் விழாத சீப்பு மாதிரி வந்தது. அதைத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் காட்டினேன்.

அப்பா அந்த ஒரு கம்பியோடு நிற்கவில்லை. விரல் நகர்ந்துகொண்டே போனது. "இது ஞாயித்துக்கிழமை. நம்ம ஆளுக யாரு சனிக்கிழமை வலை வைக்கிறா? பூசைக்குப் போவாகளா, நண்டு கழட்டுவாகளா?" அடுத்த கம்பி. "இது ஸ்ட்ரைக்கு." அடுத்தது. "இது... இரு, இதுக்கு மொத நாளு உன் சித்தப்பன் மகளுக்கு நிச்சயம். எடை போடுற பையன் நம்ம வீட்லதான் தின்னுக்கிட்டு இருந்தான்."

அம்மா அடுப்படியிலிருந்து, "பிள்ளைய விடுங்க, படிச்சு செஞ்சிருக்கு" என்றார். அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். எங்கள் பக்கத்துப் பெண்கள் மாதம் முழுக்கத் தீவுப் பக்கம் போகமாட்டார்கள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், அவ்வளவுதான். அம்மாவின் ஒரு மாத வருமானத்தை எழுதி, வெறுமையாக இருக்கும் 18 நாளையும் சராசரியால் நிரப்பினால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் யோசித்தேன். நாங்கள் மாடி வீடு கட்டியிருப்போம்.

இரவு தூக்கம் வரவில்லை. திங்கட்கிழமை ஷெட்டுக்குப் போய் எடை போடும் அண்ணனிடம் அவருடைய சொந்த நோட்டைக் கேட்டேன். கம்பெனிச் சிட்டை வேறு. இது அவர் சட்டைப்பையில் வைத்திருக்கும் சின்ன நோட்டு, யார் எவ்வளவு முன்பணம் வாங்கினார்கள் என்று எழுதுவது. அதன் ஓரங்களில் எல்லாம் இருந்தது. 'கூண்டு 3.' 'ஸ்ட்ரைக்.' 'கரண்ட் இல்லை, ஐஸ் இல்லை.' 'எல்லாம் அங்கிட்டு போச்சு.'

"அங்கிட்டுன்னா எங்கண்ணே?"

"இன்னொரு கம்பெனிக்கு. அன்னைக்கு அவுக கிலோவுக்கு கூடப் போட்டாக. முன்பணம் வாங்காத படகெல்லாம் அங்க போயிட்டாக."

ஒரு வாரம் அந்த நோட்டோடும் அப்பாவோடும் பாம்பன் ஷெட்டின் வெறுங்கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறிய நாட்களும், கடலுக்குப் போக மீன்துறை அனுமதி டோக்கன் தராத நாட்களும் ஒரு வகை. சிறைபிடிக்கப்பட்டவர்களுக்காக வேலைநிறுத்தம் நடந்த நாட்கள் இன்னொரு வகை. ஞாயிறு, திருவிழா மூன்றாவது வகை. பெரியபட்டினம், கீழக்கரைப் பக்கம் என்றால் வெள்ளி. இவை எல்லாவற்றிலும் உண்மையான விடை பூஜ்யம். அப்புறம், போய் வலையை இழுத்தும் ஒன்றும் இல்லாத நாள். அதுவும் பூஜ்யம்தான். ஆனால் இது கடல் கொடுத்த பூஜ்யம், மேலே சொன்னவை கரை கொடுத்த பூஜ்யம். கணிப்புக்கு இரண்டும் ஒன்றல்ல. அண்ணன் எந்தப் பூஜ்யத்தையும் எழுதுவதில்லை. "இல்லாததை எதுக்கும்மா எழுதணும்?" என்பார். நியாயம்தான். நண்டு வந்தும் வேறு கம்பெனிக்குப் போன நாளில் கரையில் நண்டு உண்டு, எங்கள் கணக்கில் இல்லை. கடைசியாக, எடை போட்டவர் கல்யாணத்துக்குப் போனது, சிக்னல் இல்லாமல் ஏற்றாமல் விட்டது. நண்டு வந்தது, எங்களிடமே வந்தது, எழுத மட்டும் ஆளில்லை.

இந்த ஆறில் கடைசி ஒன்றை மட்டும்தான் சராசரியால் நிரப்பலாம். அதையும் யோசித்துத்தான் நிரப்ப வேண்டும்.

விடுபட்ட எண்கள் எல்லாம் ஒரே மாதிரி விடுபடுவதில்லை, ஏன் விடுபட்டது என்பதைப் பொறுத்துத்தான் அதை என்ன செய்யலாம் என்பது அமையும் என்று டொனால்ட் ரூபின் என்ற புள்ளியியலாளர் 1976-இலேயே வகை பிரித்து எழுதியிருக்கிறார். அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. முதலில் அதைப் படித்திருந்தால் தேர்வில் எழுதியிருப்பேன், எக்ஸெல்லில் மறந்திருப்பேன். என் தாள்களில் 'காரணம்' என்று ஒரு பத்தி சேர்த்தேன். எண்ணே இல்லாத பத்தி. மதுரை மேடம் இரண்டு நாள் யோசித்துவிட்டு எல்லா ஷெட்டுகளுக்கும் அந்தப் பத்தியைப் போடச் சொன்னார். கைப்பேசியில் ஆறு பொத்தான்கள். எடை போடுகிறவர்கள் ஒரு மாதம் திட்டிக்கொண்டே அழுத்தினார்கள்.

இடையில் வேறொரு ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிறுவயதில் பாம்பன் கரையில் நாங்கள் விளையாடும்போது, கையில் பலகையும் தாளுமாக ஒருவர் வருவார். 'மீன் எண்ணுற சார்' என்போம். மண்டபம் முகாமில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்காக எண்ணுகிறவர். 1947-இல் தொடங்கிய அந்த நிலையத்தின் தலைமையகம், 1971-இல் கொச்சிக்குப் போகும்வரை மண்டபத்தில்தான் இருந்தது. கணினி, டேட்டா என்ற பேச்செல்லாம் எங்கள் ஊருக்குள் வருவதற்கு முன்பே தரவு வேலை நடந்த இடம். எங்கள் பிள்ளைகள் அந்த மதிலைத் தாண்டித்தான் தினமும் பள்ளிக்கூடம் போகிறார்கள். யாரும் அதைப் பற்றி எங்களிடம் பேசியதில்லை.

அவர் இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். தேடிப் போய்ப் பார்த்தேன். "எல்லாப் படகையும் எண்ணுவீங்களா சார்?" என்று கேட்டதற்குச் சிரித்தார். ஒருநாள் பகல் 12 முதல் 6 வரை கரையில் நிற்பார்கள், மறுநாள் காலை 6 முதல் 12 வரை. இடைப்பட்ட இரவில் வந்ததை விசாரித்து எழுதுவார்கள். எந்த நாள் என்பதை ஆள் தன் வசதிக்கு எடுக்கக்கூடாது, மாதத்தைப் பத்துப் பத்து நாளாகப் பிரித்துக் குலுக்கல் முறையில் எடுக்க வேண்டும். வந்த படகு 15 வரை என்றால் அத்தனையையும் பார்க்க வேண்டும். 20 முதல் 29 என்றால் இரண்டில் ஒன்று, 30-க்கு மேல் மூன்றில் ஒன்று, 40-க்கு மேல் நான்கில் ஒன்று, 50-ம் அதற்கு மேலும் ஐந்தில் ஒன்று.

"நடுவுல 16-லேருந்து 19 வரைக்கும்?"

"முதல் பத்துப் படகும் கட்டாயம், மிச்சத்துல பாதி" என்றார், பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி. பணியில் இல்லாமல் இத்தனை வருஷம் கழித்தும் விரல் நுனியில் இருக்கிறது. கல்லூரியில் மாதிரி எடுத்தல் என்று ஒரு தாள் முழுக்கப் படித்தேன். எல்லா உதாரணமும் சிவப்புப் பந்து, நீலப் பந்து. பையிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டே இருந்தோம். வாசலில் ஐந்தில் ஒரு படகை ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

நான் அவரிடம் என் வெறுங்கட்டக் கதையைச் சொன்னேன். "நீங்க எண்ணப் போற அன்னைக்கு ஒரு படகும் போகலைன்னா?" "ஏன் போகலைன்னு விசாரிச்சு எழுதணும். அதுவும் தகவல்தான்மா" என்றார். எனக்கு ஒரு வாரம் ஆன விஷயம்.

பயிற்சியின் மற்ற பாகங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தரவுத்தளத்திலிருந்து வேண்டியதைக் கேட்டு எடுக்கும் எஸ்க்யூஎல் மொழியைக் கற்றுக்கொண்டேன், அதுதான் இன்றுவரை சோறு போடுகிறது. வரைபட அறிக்கை செய்யும் பவர் பிஐ மென்பொருள் இரண்டு வாரத்தில் வந்துவிட்டது. ஆழ்ந்த கற்றல், நரம்பு வலை என்றெல்லாம் சொல்வார்களே, அதில் ஒன்றையும் அந்த ஒரு வருஷத்தில் நான் தொடவில்லை. தொட வேண்டிய தேவையும் வரவில்லை. கடைசியில் வைத்த கணிப்பு முறை ரொம்பச் சாதாரணமானது: போன வாரத்து வரத்து, கிழமை, காற்று, கூண்டு, தடைக்காலமா இல்லையா. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது, நாட்டுப்படகு போகும். இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுத்ததுமே கணிப்பு பாதி சரியாகிவிட்டது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்தால் தென்கடல் கொந்தளிக்கும், வடகிழக்கிலிருந்து வாடை அடித்தால் வடகடல். அதைப் பத்தியில் ஏற்ற எனக்கு இரண்டு நாள் ஆனது. அப்பா அதைக் காலையில் வாசலில் நின்று முகத்தில் காற்று படும்போதே முடித்துவிடுவார்.

சின்னப்பாலத்துப் பெண்ணுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். பழகுநர் பயிற்சிக்கு யாரும் உன்னிடம் பணம் கேட்கக்கூடாது, கேட்டால் எழுந்து வந்துவிடு. பட்டம் முடித்து ஐந்து வருஷத்துக்குள் என்ஏடிஎஸ் தளத்தில் பதிவு செய்துகொள். வேறெங்கேயாவது ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டால் அப்புறம் அது கிடைக்காது, அதனால் வரிசையை மாற்றாதே. ஒப்பந்தம் தளத்தில் ஏறிவிட்டதா என்று நீயே பார். வெறும் 'இன்டர்ன்' என்று சொல்லி ஒப்பந்தமே இல்லாமல் ஆறு மாதம் உழைக்க வைக்கிற இடங்களும் இருக்கின்றன. மீன், உப்பு, மிளகாய் என்று நமக்குத் தெரிந்த பொருளைக் கையாளும் இடமாகக் கிடைத்தால் விடாதே. 'பெரிய கம்பெனி இல்லையே' என்று அவள் முகம் சுருங்கியது. எனக்கும் அந்த வயதில் சுருங்கியிருக்கும்.

2024 ஜூலையில் பயிற்சி முடிந்தது. சான்றிதழ் வந்தது. அதே கம்பெனி ஆறு மாத ஒப்பந்தத்தில் வைத்துக்கொண்டது, சம்பளம் கொஞ்சம் கூட. இந்த முறை கையெழுத்துக்கு முன்பே எல்லா வரியையும் படித்தேன். கம்பெனித் தகவலை வெளியே சொல்லக்கூடாது என்ற வரியும் அதில் இருந்தது. சாதாரணமாக எல்லா இடத்திலும் இருப்பதுதான்.

அவளிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதைச் சொல்லத் தெரியாமல்தான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தேனோ என்னவோ.

என் கணிப்பு நன்றாக வேலை செய்ய ஆரம்பித்தபோது, அது எங்கே போகிறது என்று நான் கேட்டதில்லை. லாரி எத்தனை அனுப்புவது, ஐஸ் எவ்வளவு எடுப்பது, இதற்குத்தான் என்று நினைத்திருந்தேன். அதற்கும்தான். ஆனால் தினமும் இரவு எட்டு மணிக்கு ஷெட்டுகளுக்கு மறுநாள் விலை வாட்ஸ்அப்பில் போகும். நாளை வரத்து அதிகம் என்று என் பட்டியல் சொன்னால் அந்த விலை இறங்கும். வரத்து குறைவு என்றால் ஏறும், ஆனால் இறங்குகிற அளவுக்கு ஏறாது. இதை நான் கண்டுபிடித்தது தற்செயலாக, இரண்டு பத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது. முன்பு நண்டு கரைக்கு வந்தபிறகுதான் கூடையைப் பார்த்து விலை பேசுவார்கள். படகுக்காரருக்கும் வாய் உண்டு, வியாபாரிக்கும் வாய் உண்டு. இப்போது படகு வலையை இழுப்பதற்கு முன்பே கம்பெனிக்குத் தெரிந்துவிடுகிறது. முன்பணம் வாங்கிய படகுக்கு 'அங்கிட்டு' போக வழியும் இல்லை. அப்பாவும் முன்பணம் வாங்கியிருந்தார், என் கல்லூரி மூன்றாம் வருஷத்தில்.

இதில் தப்பு என்று எதைச் சொல்வது? கம்பெனி சட்டத்துக்கு விரோதமாக எதுவும் செய்யவில்லை. வாங்குகிறவன் கணக்குப் பார்க்கத்தான் செய்வான். மேடமிடம் ஒருமுறை கேட்டேன், வரத்துக் கணிப்பைப் படகுக்காரர்களுக்கும் சொன்னால் என்ன என்று. "நல்ல யோசனைதான், மேல பேசிப் பார்க்கிறேன்" என்றார். பேசினாரா என்று தெரியாது. மூன்று மாதம் கழித்து நான் வேறு வேலைக்கு வந்துவிட்டேன். இப்போது ஒரு மருத்துவமனைக் கணக்கு, வீட்டிலிருந்தே. நண்டு கிடையாது.

அந்த மூன்று மாதத்தில் ஒரு இரவு. மணி எட்டு பத்து இருக்கும். அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். மாலையில் வலையை வைத்துவிட்டு வந்திருந்தார், காலையில் போய் இழுக்க வேண்டும். இரண்டு நாள் வாடைக்குப் பிறகு தண்ணீர் கலங்கலாக இருந்ததால் நல்ல பாடு கிடைக்கும் என்ற சந்தோஷத்தில் இருந்தார். என் பட்டியலும் அதையேதான் சொல்லியிருந்தது. கைப்பேசி என் மடியில் கவிழ்ந்து கிடந்தது.

"நாளைக்கு என்ன தாயி போடுவாக?"

"தெரியலப்பா."

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அந்த வரைபடத்தில் கம்பி கம்பியாகப் பார்த்த மாதிரியே பார்த்தார்.

"இது அந்த ஆறுல எந்த வெறுங்கட்டம்?" என்றார்.

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு, காலையில் மூன்று மணிக்கு எழுப்பிவிடச் சொல்லிப் படுக்கப் போய்விட்டார்.